வெர்டி ஹல்சியின் மூன்று தூண்டில்கள்

வெர்டி ஹல்சி என் கடைக்குள் நுழைந்தாலே எனக்கு எரிச்சல் வந்துவிடும். வாங்காமல் போகிறவர்கள் எல்லாக் கடைக்கும் உண்டு, அவர்கள்மேல் எனக்குக் கோபம் கிடையாது. இவள் வாங்குவாள். ஆனால் வாங்குவதற்கு முன்னால் மேசைமேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு ஒரே கேள்வியைக் கேட்பாள்.

"இந்த மாசம் நம்ம ஆளுங்க என்னத்தப்பா வாங்கிட்டுப் போனானுங்க?"

நானும் சொல்லித் தொலைப்பேன். பச்சைப் பூசணி நிற ரப்பர் புழு, அதிர்ந்துகொண்டே ஓடும் வெள்ளைத் தகடு, இன்ன கனத்தில் இன்ன தூண்டில் நரம்பு என்று ஒன்றுவிடாமல். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொள்வாள். பிறகு அவற்றில் ஒன்றைக்கூடத் தொடாமல் கடைசி வரிசைக்குப் போய்க் குனிந்து, கீழ்த்தட்டில் தூசி படிந்து கிடக்கும் எதையாவது எடுத்துக்கொண்டு வருவாள். இருபத்தெட்டு வருஷமாக ஸ்காட்ஸ்போரோ பாலத்துக்குப் பக்கத்தில் தூண்டில் கடை வைத்திருக்கிறேன். பாஸ் மீனுக்கு எது ஆகும் எது ஆகாது என்று இந்த மாவட்டமே என்னிடம் கேட்டுக்கொண்டுதான் ஏரிக்குப் போகும். இந்த ஒருத்தி மட்டும் என்னைக் கேட்டுவிட்டு நான் சொன்னதற்கு நேர்மாறாகச் செய்வாள். வயிறு எரியாதா?

பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்பு கீழே படித்தவள் வெர்டி. படிப்பு முடிந்ததும் கோழித் தொழிற்சாலையில் சேர்ந்தாள். உயிருள்ள கோழியைக் காலைப் பிடித்துத் தூக்கி, தலைக்கு மேல் ஓடும் கொக்கியில் மாட்டுகிற வேலை. நிமிஷத்துக்கு இருபதுக்கு மேல். பத்தொன்பது வருஷம் அதைச் செய்தாள். வலது தோள் போயிற்று. இரண்டு கை விரல்களிலும் பாதி உணர்ச்சி போயிற்று. அங்கே யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்களாம். மேலங்கி முதுகில் இருக்கும் எண்ணைத்தான் கூப்பிடுவார்கள். இவள் இருநூற்றுப் பன்னிரண்டு.

வெளியே வந்து பள்ளிச் சமையலறையில் சேர்ந்தபோது, விரலுக்குப் பயிற்சியாக ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னார் டாக்டர். ஒரு வாரம் அமுக்கினாள். பிறகு பந்தை நாய்க்குப் போட்டுவிட்டு என் கடைக்கு வந்து ஒரு தூண்டில் வாங்கினாள். அடுத்த வருஷமே எங்கள் பாஸ் சங்கத்தில் சேர்ந்தாள். நாற்பது பேர் சங்கத்தில் பெண் அவள் ஒருத்திதான். படகு கிடையாது, அதனால் எப்போதும் பின்தட்டுதான்.

பின்தட்டு என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். போட்டியில் ஒரு படகுக்கு இரண்டு பேர். படகுக்காரன் முன்னால் நின்று, காலால் மின்மோட்டாரை மிதித்து, தன் இஷ்டப்படி படகை ஓட்டிக்கொண்டு தூண்டில் வீசுவான். சீட்டுக் குலுக்கலில் அவனுக்கு வாய்த்த ஆள் பின்னால் நின்று, முன்னவன் வீசி முடித்த தண்ணீரில் வீச வேண்டும். பின்தட்டில் நிற்கவே இடம் போதாது. அதனால் பின்னால் வருகிறவர் மூன்று தூண்டிலுக்கு மேல் கொண்டுவரக் கூடாது என்பது எங்கள் வழக்கம். நான் முன்தட்டில் பதினாலு தூண்டிலை வரிசையாகப் பரப்பி வைத்திருப்பேன். அவளுக்கு மூன்று.

"நீங்க போட்டதயே நானும் போட்டா எப்படிப்பா?" என்று ஒருமுறை என்னிடம் கேட்டாள். "அத அந்த மீனு ஏற்கெனவே பாத்துட்டு வேண்டாம்னு சொல்லிருச்சு. நீங்க யாரும் போடாதது என்னன்னு எனக்குத் தெரியணும். அதுக்குத்தான் உங்கிட்ட கேக்குறேன்."

அன்றைக்குத்தான் அந்தக் கேள்வியின் அர்த்தம் எனக்குப் புரிந்தது. நான் என்னவோ அவளுக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தேன். அவள் என்னை வைத்து உளவு பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வருஷக் கடைசியில் சங்கத்தின் முதல் ஆறு பேர் மாநிலப் போட்டிக்குப் போவார்கள். அவர்களுக்கு முதுகில் பெயர் தைத்த சட்டை உண்டு. அந்த வருஷம் ஐந்து இடம் முடிவாகிவிட்டது. ஆறாவது இடத்துக்கு வெர்டியும் என் மனைவியின் தம்பி டிராய்ஸும் சமமாக நின்றார்கள். அக்டோபர் கடைசிப் போட்டியில் யார் அதிக எடை கொண்டு வருகிறாரோ அவருக்குச் சட்டை. டிராய்ஸ் ஏற்கெனவே இரண்டு முறை போனவன், வீட்டில் இரண்டு சட்டை தொங்குகிறது. வெர்டிக்கு அது ஒன்றுதான் வேண்டும். "எம்பேரு தச்ச சட்டை, கார்லிஸ்" என்று மட்டும் என்னிடம் சொன்னாள். அதற்குமேல் அவள் விளக்கவில்லை, எனக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

அந்தப் போட்டிக்கு மூன்று வாரம் முன்பிருந்தே கடைக்கு வந்து என் உயிரை எடுத்தாள். கடையில் இருந்த ஐஸ்பெட்டியை நடுவில் இழுத்துப் போட்டு, அதுதான் படகின் பின்னால் துருத்தி நிற்கும் பெரிய மோட்டார் என்று வைத்துக்கொண்டு, அதன்மேல் இடிக்காமல் வீச முடிகிறதா என்று ஒவ்வொரு தூண்டிலாக ஆட்டிப் பார்த்தாள். ஆளுயரத்துக்கு மேல் நீண்டதெல்லாம் இடித்தது. "நெட்டைக் கழியெல்லாம் முன்னாடி நிக்கிற ஆம்பளைங்களுக்கு" என்று ஒதுக்கிவிட்டாள். நரம்பின் நுனியை என் கடைக் கதவின் கைப்பிடியில் கட்டி, கண்ணை மூடிக்கொண்டு, என்னைப் போய்க் கைப்பிடியைச் சுண்டச் சொன்னாள். வாடிக்கையாளர்கள் வெளியே நின்று பார்த்துச் சிரித்தார்கள். நான் தண்ணீரில் தெரியாத கண்ணாடி நரம்பை எடுத்துக் கொடுத்தேன். ஏரி தெளிந்து கிடந்தது, யாராயிருந்தாலும் அதைத்தான் கொடுப்பார்கள். சுண்டினேன். "ஒண்ணும் தெரியலையே" என்றாள். இன்னும் பலமாகச் சுண்டினேன். தெரியவில்லை. கண்ணாடி நரம்பு கொஞ்சம் இழுபடும், அந்த இழுவையில் மீன் தொடுவது அவளுடைய மரத்த விரலுக்கு வந்து சேரவில்லை. பிறகு இழுபடாத பின்னல் நரம்பைக் கட்டினோம். தூண்டிலின் அடிக்கட்டையை முன்கையோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டாள். கையில் அந்த இடத்தில்தான் உணர்ச்சி மிச்சமிருந்தது. மெல்லத் தொட்டேன்.

"இப்ப தொட்டே" என்றாள், கண்ணைத் திறக்காமலே.

அப்படித்தான் முதல் தூண்டில் அமைந்தது. லேசான கழி, மெல்லிய பின்னல் நரம்பு, மீன் கண்ணில் படாமலிருக்க நுனியில் மட்டும் ஒரு பாகம் கண்ணாடி நரம்பு. அந்த இரண்டையும் சேர்க்கிற முடிச்சைப் பள்ளியில் மதியச் சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு, பல்லால் கடித்து இழுத்து இழுத்துப் பழகினாள். அதில் போட அவள் எடுத்தது என்ன தெரியுமா? கட்டைவிரல் அளவு ஈயக்கட்டி, வாலில் ஒரு தகடு சுழலும். எங்கள் அப்பா காலத்துப் பொய்யிரை. கீழ்த்தட்டில் அது கிடந்ததே எனக்கு மறந்துபோயிருந்தது. இதை யார் போடுவார்கள் இந்தக் காலத்தில் என்று கேட்டேன். யாரும் போடுவதில்லை, அதுதானே வேண்டும் என்றாள். ஈயம் என்பதால் தோளை உயர்த்தாமல் மணிக்கட்டை ஆட்டினாலே வெகுதூரம் போய் விழுந்தது.

இரண்டாவது, சாதாரணப் புழுத் தூண்டில். அதில் சண்டை எதுவும் இல்லை. மூன்றாவதில்தான் நாங்கள் மோதிக்கொண்டோம். ஏரியில் பாசி பாய் விரித்த மாதிரி மிதக்கும் இடங்களில் ரப்பர் தவளையை மேலே இழுத்துக்கொண்டு போனால், அடியிலிருந்து பெரிய மீன் பாசியைக் கிழித்துக்கொண்டு வந்து அடிக்கும். அதைப் பாசியிலிருந்து பிடுங்கி எடுக்கத் தடித்த கழி வேண்டும், யானையைக் கட்டினாலும் அறாத பின்னல் நரம்பு வேண்டும், முக்கியமாகத் தோள் வேண்டும். உனக்குத் தோள் எங்கே இருக்கிறது, இதை விட்டுவிடு என்று கரடியாய்க் கத்தினேன். காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. என்னிடமே இரும்பறுக்கும் ரம்பத்தை வாங்கி, புதுத் தூண்டிலின் அடிக்கட்டையில் நாலு விரற்கடை அறுத்துத் தள்ளினாள். என் கண் முன்னால், பிரித்துப் பத்து நிமிஷம் ஆகாத தூண்டிலை! நான் பின்னறைக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன்.

போட்டிக்கு முன்தினம், வழக்கமாகப் பொரித்த கெளுத்தி சாப்பிடுகிற உணவகத்தில் சீட்டு எடுத்தார்கள். வெர்டிக்கு என் படகு விழுந்தது. டிராய்ஸ் உட்கார்ந்த இடத்திலிருந்தே கை தட்டினான். "மச்சான், பின்னாடி அவுங்களுக்கும் ரெண்டு மீனு விட்டு வைங்க, பாவம்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். வெர்டியும் சிரித்தாள், ஆனால் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

இங்கே என் தப்பின் முதல் பாதி இருக்கிறது. என் படகில் இரண்டு மீன்தொட்டி உண்டு, பிடித்த மீனை உயிரோடு வைக்க ஆளுக்கொன்று. அதில் ஒன்றின் பம்பு பழுதாகி ஒரு வாரமாயிற்று. கடை நிறையப் பம்பு வைத்துக்கொண்டு, நான் அதை மாற்றவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். ஆகவே காலையில் இரண்டு பேர் மீனும் ஒரே தொட்டியில்தான் என்றேன். சரி என்றாள். ஒருவர் ஐந்து மீன்தான் வைத்துக்கொள்ளலாம், ஆறாவது பிடித்தால் சின்னதை அந்த நிமிஷமே தண்ணீரில் விட்டுவிட வேண்டும். அடையாளத்துக்கு மீன் வாயில் வண்ண வண்ணக் கிளிப் மாட்டுவோம். முப்பது வருஷமாக என் பழக்கம், ஐந்தில் சின்ன மீனுக்குச் சிவப்புக் கிளிப். அடுத்து விடவேண்டியது எது என்று தேடவே வேண்டாம், கை தானாகச் சிவப்புக்குப் போகும். அன்று கிளிப் டப்பாவை அவளிடம் நீட்டி, உனக்கு வேண்டிய ஐந்து நிறத்தை எடுத்துக்கொள் என்றேன். அவள் எடுத்த ஐந்தில் சிவப்பும் இருந்தது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

காலை எட்டரைக்கே அந்த ஈயக்கட்டி வேலை செய்ய ஆரம்பித்தது. நான் வீசி வீசி ஓய்ந்த அதே ஏரியடி மேட்டுச் சரிவில், பின்னாலிருந்து அவள் வீசினாள். தூண்டில் வளைந்தது. ஆறு பவுண்டு இரண்டு அவுன்ஸ். என் தராசில் நானே தூக்கிப் பார்த்தேன். அந்த மீனின் வாயில்தான் சிவப்புக் கிளிப்பை மாட்டினாள். மதியத்துக்குள் அவளுக்கு ஐந்து சேர்ந்துவிட்டது, எனக்கும் ஐந்து. கணவர் ஹாய்ட் கட்டிக் கொடுத்த பிமென்டோ சீஸ் சாண்ட்விச்சில் பாதியை எனக்குக் கொடுத்தாள். அந்தக் கீழ்த்தட்டுச் சாமான் இன்னும் எத்தனை இருக்கிறது என்று கேட்டாள். பெருமை தாங்காமல் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். சாண்ட்விச்சை மென்றுகொண்டே முன்தட்டுக்குப் போனேன்.

இரண்டு மணி தாண்டி ஐந்து நிமிஷம். எனக்கு ஒரு மூன்று பவுண்டு விழுந்தது. அதே நொடி, முப்பது கஜத்தில் சின்ன மீன் கூட்டத்தைப் பாஸ் துரத்த, தண்ணீர் உலை மாதிரி கொதித்தது. இன்னொரு வீச்சு வீச வேண்டும் என்கிற வெறி எனக்கு. கண் முழுக்க அந்தக் கொதிப்பில் இருந்தது. கை தொட்டிக்குள் போயிற்று, சிவப்பைப் பிடித்தது, கிளிப்பைக் கழற்றியது, மீனைப் படகுக்கு வெளியே போட்டது. எடை தப்பு என்று கைக்குத் தெரிந்தது. தெரிவதற்குள் விரல் திறந்துவிட்டது. அகலமான பச்சை முதுகு ஒன்று ஒரு நொடி நின்றுவிட்டு அடியில் போனது.

 திரும்பினேன். வெர்டி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். திட்டியிருந்தால் தேவலை. அறைந்திருந்தால்கூடத் தேவலை.

என் மீனில் பெரியது நாலே முக்கால் பவுண்டு இருந்தது. அதை எடுத்துக்கொள், யாருக்குத் தெரியப்போகிறது, இது என் கடன்கூட இல்லை, உன் மீன்தான் என்றெல்லாம் உளறினேன். ஒருவர் மீனை இன்னொருவர் கணக்கில் வைப்பது எங்கள் சங்கத்தில் திருட்டு. எனக்கு அது தெரியாதா என்ன? அப்போது எனக்கு எதுவும் பெரிதாகத் தெரியவில்லை.

"நீ பிடிச்ச மீனத் தூக்கிட்டுப் போய் எம்பேரச் சொல்லச் சொல்றியா?" என்றாள்.

நான் என் சின்ன மீனைத் தேடித் தண்ணீரில் விட்டுவிட்டுத் தொட்டியை மூடினேன்.

"எத்தன மணிக்குக் கரையில நிக்கணும்?"

"மூணுக்கு. போக பத்து நிமிஷம் ஆவும்."

"அப்ப நாப்பது நிமிஷம் கெடக்கு. எந்திரி. முன்னாடி நான் நிக்கிறேன்."

என் படகின் முன்தட்டில் என்னைத் தவிர யாரும் நின்று மீன் பிடித்ததில்லை. என் மனைவிகூட. நான் என் பதினாலு தூண்டிலையும் வாரிச் சுருட்டி ஓரமாகப் போட்டுவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு அன்றைக்கு நான் தூண்டிலைத் தொடவில்லை.

அவள் மோட்டாரை மிதித்துக்கொண்டு நேராகப் பாசித்திட்டுக்குப் போனாள். காலையில் நான் வேண்டாம் என்று தாண்டி வந்த திட்டு. அறுத்த கட்டைத் தூண்டிலை எடுத்தாள், தவளையை இடது கையால் வீசினாள். ஒரு வருஷமாக இடது கையால் பழகியிருக்கிறாள், அதுவும் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. முதல் அடி வந்தது, முள் பிடிக்கவில்லை. பத்து நிமிஷத்துக்கு ஒன்றும் இல்லை. இரண்டாவது அடியும் தப்பியது. இருபது நிமிஷம் போயிற்று. வலது கை நடுங்குவதைப் பின்னாலிருந்து பார்த்தேன். தோளை ஒருமுறை கன்னத்தோடு ஒட்டி அழுத்திக்கொண்டாள், மறுபடி வீசினாள். கொஞ்சம் நிறுத்தேன் என்று நான் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விழுங்கினேன். சொல்லும் யோக்கியதை எனக்கில்லை.

இரண்டு நாற்பதுக்குப் பாசி வெடித்தது. அவள் கையால் இழுக்கவில்லை. குட்டையாக அறுத்த அந்த அடிக்கட்டையை இடுப்பு வாரில் ஊன்றி, காலைப் பதித்து, உடம்பு மொத்தத்தையும் திருப்பினாள். தோளுக்கு அங்கே வேலையே இல்லை. முழு நீளக் கட்டையாக இருந்தால் விலாவில் இடித்திருக்கும், அப்படித் திரும்ப முடிந்திருக்காது. ரம்பத்தை எடுத்தபோது அவள் எதை அறுத்தாள், ஏன் அறுத்தாள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. பாசியோடு சேர்த்து மீன் சறுக்கிக்கொண்டே படகுக்கு வந்தது. நான் வலையைப் போட்டேன். 

கரையில் எடை போட்டார்கள். டிராய்ஸ் முதலில் ஏறினான், பதினைந்து பவுண்டு ஒன்பது அவுன்ஸ். அடுத்தது வெர்டி. தவளை கொண்டுவந்த மீன் மட்டும் நாலு பவுண்டு பத்து அவுன்ஸ். ஐந்தும் சேர்ந்து பதினைந்து பவுண்டு மூன்று அவுன்ஸ். ஆறு அவுன்ஸ் குறைவு. ஒரு பொட்டலம் வேர்க்கடலை எடை. அவள் மீன் பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள், முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை. ஒலிபெருக்கியை வாங்கி, என் சட்டைப்பையில் இருந்த சிவப்புக் கிளிப்பைத் தூக்கிக் காட்டி, நடந்ததை நடந்தபடி சொன்னேன். ஆறு பவுண்டு இரண்டு அவுன்ஸை நான் தண்ணீரில் போட்டேன், அந்த இடம் இவளுடையது என்றேன்.

 கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "மச்சானுக்காகவா, கார்லிஸ்?"

நான் அதை எதிர்பார்த்திருக்க வேண்டும். எதிர்பார்க்கவில்லை. முப்பது வருஷம் பழகிய முகங்கள், ஒன்றுகூட என் கண்ணைப் பார்க்கவில்லை. டிராய்ஸ் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றான்.  அப்போது வெர்டி திரும்பி வந்து என் கையிலிருந்து ஒலிபெருக்கியை வாங்கினாள்.

"அவன் முட்டாள்தான். திருடன் இல்ல. படகுல நான் இருந்தேன்" என்றாள். "தராசுல ஏறுனதுதான் எடை. சட்டை டிராய்ஸுக்கு." அவ்வளவுதான். கொடுத்துவிட்டு, ஹாய்ட்டின் வண்டியைப் பார்த்து நடந்தாள்.

அன்றிரவு நான் சாப்பிடவில்லை என்று சொன்னால் பொய், சாப்பிட்டேன், இறங்கவில்லை.

திங்கட்கிழமை காலை கடையைத் திறக்கப் போனால் வாசலில் அவள் நிற்கிறாள், பள்ளிச் சமையலறை மேலங்கியோடு. வலது கையைத் துணியில் தொட்டில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருந்தாள். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். கையமர்த்தினாள். உள்ளே வந்து தட்டிலிருந்து ஒரு மீன்தொட்டிப் பம்பை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இது உனக்கு. இப்பவே போயி மாட்டு, நான் பாக்கணும். அடுத்த வருசம் சீட்டு யாரு படகுக்கு விழுதோ என்னமோ."

போனேன். கடைக்குப் பின்னால் நிறுத்தியிருந்த படகில் ஏறி, மண்டியிட்டு, ஒரு வாரமாகத் தள்ளிப்போட்ட வேலையைச் செய்து முடித்தேன். எண்ணிப் பார்த்தேன், பதினோரு நிமிஷம்தான் ஆயிற்று. அதற்குத்தான் ஒருத்தியின் சட்டை போயிற்று. அவள் பக்கத்தில் நின்று, தண்ணீர் பீய்ச்சுகிறதா என்று குனிந்து பார்த்தாள். பிறகு இடது கையை நீட்டினாள். என்ன கேட்கிறாள் என்று புரிந்தது. சட்டைப்பையிலிருந்து சிவப்புக் கிளிப்பை எடுத்துக் கொடுத்தேன். அதைத் தன் தொப்பியின் விளிம்பில் மாட்டிக்கொண்டாள்.

பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்றாள். நாலடி போனவள் கதவருகே நின்று திரும்பினாள்.

"இந்த மாசம் நம்ம ஆளுங்க என்னத்தப்பா வாங்கிட்டுப் போனானுங்க?"

ஒன்றுவிடாமல் சொன்னேன்.